நீலகிரி மலை ரயில்: மேட்டுப்பாளையத்தில் ஏறினால்தான் கணக்கு

ஊட்டிக்குப் போய் வந்தவர்களிடம் மலை ரயிலில் போனீர்களா என்று கேட்டால், பெரும்பாலும் வரும் பதில், "போனோமே, ஊட்டியிலிருந்து குன்னூர் வரைக்கும்." அந்தப் பயணத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தேயிலைத் தோட்டம் தெரியும், குகை வரும், பிள்ளைகள் கூச்சல் போட்டுக் கொண்டாடுவார்கள். ஆனால் அந்த வண்டி டீசல் எஞ்சினில், சாதாரணத் தண்டவாளத்தில் ஓடுவது. ரயில் பிரியர்கள் கடல் கடந்து தேடி வருகிற நீலகிரி மலை ரயில் குன்னூருக்குக் கீழே இருக்கிறது. நீராவி எஞ்சின், பல் வைத்த தண்டவாளம், பெட்டிக்குப் பெட்டி கொடி பிடித்து நிற்கும் பிரேக்ஸ்மேன் எல்லாமே ஒன்றாகச் சேர்வது அடிவாரக் கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவில்தான். ஒரே ஒரு முறைதான் போக முடியும் என்றால் மேட்டுப்பாளையத்தில் ஏறுங்கள், மேல்நோக்கிப் போங்கள்.

பாதையின் அளவுகளைப் பார்த்தாலே இது புரியும். மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து 326 மீட்டர், உதகமண்டலம் 2,203 மீட்டர். நடுவே 46 கிலோமீட்டர் மீட்டர் கேஜ் பாதை, 208 வளைவு, 16 குகை, 250 பாலம். முதல் 8 கிலோமீட்டரில், கல்லாறு வரைக்கும், ஏற்றம் வெறும் 80 மீட்டர்தான். பாக்குத் தோட்டங்களுக்கு நடுவே சமதளத்தில் ஓடுவதுபோல் ஓடும். அடுத்த 20 கிலோமீட்டரில் குன்னூர் 1,712 மீட்டரில் இருக்கிறது. 1,300 மீட்டர் உயரத்தை அந்த இருபதே கிலோமீட்டரில் ஏறியாக வேண்டும். மிகச் செங்குத்தான இடங்களில், 12 மீட்டர் முன்னே போனால் ஒரு மீட்டர் மேலே. மழமழவென்ற இரும்புச் சக்கரம் மழமழவென்ற இரும்புத் தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டு இப்படி ஏற முடியாது, வழுக்கிவிடும். அதற்காகத்தான் ரோமன் ஆப்ட் என்ற சுவிஸ் பொறியாளர் வடிவமைத்த பல்தண்டவாள முறையை இங்கே போட்டார்கள். 1899இல் குன்னூர் வரையும், 1908இல் உதகை வரையும் வண்டி ஓடத் தொடங்கியது. இந்தியாவில் பல்தண்டவாளம் உள்ள ரயில்பாதை இது ஒன்றுதான். யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இதற்கு முன்பே இடம்பெற்ற டார்ஜிலிங் பாதையும், பின்னால் சேர்ந்த கால்கா–சிம்லா பாதையும் வளைந்து நெளிந்து ஏறுகின்றனவே தவிர, பல்லைப் பிடித்து ஏறுவதில்லை. நீலகிரி அந்தப் பட்டியலில் சேர்ந்தது 2005இல்.

கல்லாறு பயணிகள் ஏறி இறங்கும் நிலையமாக இப்போது இல்லை. ஆனால் இந்தப் பயணத்தில் கண்ணையும் காதையும் தீட்டி வைத்துக்கொள்ள வேண்டிய இடம் அதுதான். நிலையத்தைத் தாண்டியதும் இரண்டு தண்டவாளங்களுக்கும் நட்டநடுவே பற்கள் வெட்டிய இரண்டு எஃகுப் பட்டைகள் தொடங்கும். இரண்டையும் 44 மில்லிமீட்டர் இடைவெளியில், சக்கரம் ஓடும் தண்டவாளத்தைவிட 65 மில்லிமீட்டர் உயரத்தில் பதித்திருப்பார்கள். இரண்டின் பற்களும் ஒன்றுக்கொன்று நேராக இருக்காது. ஒரு பட்டையின் பல் இருக்கும் இடத்தில் மற்றதில் பள்ளம் இருக்கும். இதனால் எஞ்சினின் பல்சக்கரம், அதாவது பினியன், ஒரு பல்லை விடுவதற்குள் அடுத்த பட்டையின் பல்லைப் பிடித்திருக்கும். எந்தக் கணத்திலும் பிடிமானம் அறுவதில்லை, வளைவில்கூட.

சிக்கலான இடம் பல்தண்டவாளம் தொடங்கும் அந்த முதல் சில அடிகள். உருண்டு வருகிற பினியனின் பல் பட்டையின் பள்ளத்தில் சரியாக விழும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. பல்லின் மேலேயே பல் வந்து உட்காரலாம். அந்த இடத்தில் மட்டும் பட்டையை விறைப்பாக வைக்காமல், அழுத்தினால் சற்றுத் தணிந்து கொடுக்கும்படி அமைத்திருக்கிறார்கள். வண்டி ஆள் நடக்கும் வேகத்துக்கு இறங்கும். காலடியில் ஒரு கடகடப்பு கேட்டு, உடனே அடங்கும். பினியன் பள்ளத்தைக் கண்டுபிடித்துக்கொண்டது என்று அர்த்தம். அப்போது பேசிக்கொண்டிருந்தால் தவறிவிடும். இங்கிருந்து குன்னூர் வரை மணிக்கு 13 கிலோமீட்டருக்கு மேல் ஓட அனுமதியில்லை. பல்தண்டவாளம் இல்லாத பகுதியிலேயே உச்சவேகம் 30தான்.

எஞ்சினைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இதுபோன்ற எஞ்சின் தினசரிப் பயணிகள் வண்டியில் வேலை பார்ப்பதை வேறெங்கும் சுலபத்தில் பார்க்க முடியாது. 'எக்ஸ்' வகுப்பு என்று பெயர். சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் நகரில் இருந்த எஸ்.எல்.எம் என்ற ரயில் எஞ்சின் ஆலையில் 1914க்கும் 1952க்கும் இடையே கட்டப்பட்டவை. நிலக்கரியில் ஓடிய இவற்றில் சிலவற்றைப் பின்னாளில் எண்ணெய் எரிப்புக்கு மாற்றினார்கள். திருச்சி பொன்மலைப் பணிமனை இதே வடிவத்தில் புதிய எஞ்சின்களையும் கட்டிக் கொடுத்திருக்கிறது. ஆகவே உங்கள் வண்டிக்கு வரும் எஞ்சின் பழசாகவும் இருக்கலாம், நம் ஊரிலேயே பிறந்த புதுசாகவும் இருக்கலாம். எண்பது தொண்ணூறு வருஷம் பழைய வரைபடத்தை எடுத்து வைத்துக்கொண்டு நீராவி எஞ்சினைப் புதிதாக வார்த்துக் கட்டும் திறமை பொன்மலையில் இன்றும் உயிரோடு இருப்பது நாம் பெருமைப்பட வேண்டிய விஷயம்.

பக்கவாட்டில் நின்று பாருங்கள். ஒரு பக்கத்துக்கு இரண்டு சிலிண்டர், ஒன்றின்மேல் ஒன்றாக இருக்கும். கீழே இருப்பது உயர் அழுத்த சிலிண்டர், அது தண்டவாளத்தின்மேல் ஓடும் சக்கரங்களை, அதாவது ஓடு சக்கரங்களை, சுழற்றும். மேலே இருப்பது தாழ் அழுத்த சிலிண்டர், அது பினியனைச் சுழற்றும். கல்லாறு வரைக்கும் கீழ் சிலிண்டர்கள் மட்டும் வேலை செய்கின்றன. பல்தண்டவாளத்தில் ஏறியதும், கீழ் சிலிண்டரில் வேலை முடித்த நீராவியை வெளியே விடாமல் மேல் சிலிண்டருக்கு அனுப்புகிறார் டிரைவர். ஒரே நீராவி இரண்டு முறை உழைக்கிறது. மேல் தண்டுகள் பல்லிணை (கியர்) வழியாகப் பினியனைச் சுற்றுவதால், கீழ்த் தண்டுகளுக்கு எதிர்த்திசையில், அவற்றைவிட வேகமாகச் சுழலும். கீழே நிதானமாக ஒரு சுற்று, மேலே படபடவென்று எதிர்ச்சுற்று. முதல்முறை பார்ப்பவருக்கு எஞ்சின் தனக்குள்ளேயே சண்டை போடுவதுபோல் தோன்றும்.

காதாலும் இதைப் பிடிக்கலாம். கல்லாறு வரைக்கும் புகைபோக்கியின் 'சக்... சக்' சத்தம் சக்கரத்தின் சுழற்சியோடு சேர்ந்து வரும். பல்தண்டவாளத்தில் புகைபோக்கிக்குப் போவது மேல் சிலிண்டரின் நீராவி மட்டுமே. அழுத்தம் தளர்ந்த நீராவி என்பதால் சத்தம் மென்மையாகும், ஆனால் வண்டி நகரும் வேகத்தோடு ஒப்பிட்டால் அடுக்கடுக்காக விழும். வேகம் குறைந்த பிறகும் துடிப்பு கூடியிருக்கிறதே என்று குழம்ப வேண்டாம்.

இந்த ஏற்பாட்டில் இன்னொரு நுட்பம் உண்டு. பனி ஈரத்திலோ உதிர்ந்த இலையிலோ ஓடு சக்கரம் வழுக்கினால், கீழ் சிலிண்டரிலிருந்து நீராவி அளவுக்கு அதிகமாக மேல் சிலிண்டர் பக்கம் வந்து குவியும். அங்கே அழுத்தம் ஏறினால் கீழ் சிலிண்டருக்கு எதிர் அழுத்தம் கூடி வழுக்கல் தானே அடங்கும். அதே சமயம் பினியனுக்குக் கூடுதல் பலம் கிடைக்கும். டிரைவர் கைவைக்கும் முன்பே எஞ்சின் தன்னைச் சரிசெய்துகொள்கிறது.

எஞ்சின் எப்போதும் பள்ளத்துப் பக்கம்தான் இருக்கும். ஏறும்போது பெட்டிகளைப் பின்னாலிருந்து தள்ளுகிறது, இறங்கும்போது முன்னால் நின்று தாங்குகிறது. இணைப்பு ஒன்று அறுந்துபோனாலும் பெட்டிகள் எஞ்சின் மேல்தான் வந்து சாயும், மலைச்சரிவில் தனியாக ஓடிவிடாது. ஆனால் டிரைவருக்கு முன்னால் என்ன இருக்கிறது என்பது தெரியாது. அதற்குத்தான் ஒவ்வொரு பெட்டியின் மேடையிலும் ஒரு பிரேக்ஸ்மேன் நிற்கிறார். முன்பெட்டியில் இருப்பவர் பாதையைப் பார்த்துப் பச்சைக் கொடி காட்ட, அது பின்னோக்கி ஆள்மாறி ஆள்மாறி எஞ்சின்வரை போகும். பாறை கிடந்தாலோ யானை நின்றாலோ சிவப்புக் கொடி. எஞ்சின் ஊதுவதும் இவர்களுக்கான உத்தரவே: பிரேக் பிடி, பிரேக் விடு. வளைவில் ஜன்னலோரம் இருந்து பார்த்தால் அத்தனை கொடிகளும் ஒரே நேரத்தில் தெரியும். கேமராவை எஞ்சினுக்கு மட்டும் வைத்திருப்பவர்கள் இவர்களையும் ஒரு படம் எடுங்கள். இந்த ரயில் பத்திரமாக மலையேறுவது இவர்களின் கையில்.

எந்தப் பெட்டியில் உட்காருவது என்பது எதற்காக வருகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. காட்சி வேண்டுமென்றால் முன்பெட்டி. முன்னால் எஞ்சின் இல்லாததால் பாதை அப்படியே விரியும். எஞ்சின் வேண்டுமென்றால் கடைசிப் பெட்டி, அதுவும் இரண்டாம் வகுப்பு. எஞ்சினுக்கு ஒட்டி இருப்பது அதுதான். ஒவ்வொரு மூச்சும் கேட்கும். கரித்துகளும் எண்ணெய்ப் பிசுக்கும் அங்கே அதிகம். வெள்ளைச் சட்டை வேண்டாம், லென்ஸ் துடைக்கத் துணி இருக்கட்டும், குகைக்குள் போகும்போது ஜன்னலை இறக்கிவிடுங்கள். வலப்பக்கமா இடப்பக்கமா என்று சண்டை போடுவதில் பொருளில்லை. 208 வளைவு உள்ள பாதையில் பள்ளத்தாக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாறி மாறித்தான் வரும்.

இனிக் குறைகள். பெட்டிக்குள் கழிப்பறை இல்லை. ஏறுவதற்கு ஐந்து மணி நேரம் ஆகும் என்பதால் வயதானவர்களோடும் குழந்தைகளோடும் போகிறவர்கள் இதை முதலில் யோசிக்க வேண்டும். மேட்டுப்பாளையத்தில் முடித்துக்கொண்டு ஏறுங்கள். அடுத்த நல்ல வாய்ப்பு வழியில் வண்டி நிற்கும் ஹில்குரோவ், அதன்பின் குன்னூர். இருக்கைகள் நெருக்கமானவை, எதிரெதிரே முழங்கால் இடிக்கும். பெரிய சூட்கேஸுக்கு இடமே இல்லை, இருக்கைக்கு அடியில் நுழையும் பைதான் சரி. அடிவாரத்தில் வியர்த்து ஊற்றும், உதகையில் இறங்கும்போது பல் தந்தியடிக்கும். ஸ்வெட்டரைப் பையின் அடியில் திணிக்காமல் மேலாக வையுங்கள்.

டிக்கெட்தான் உண்மையான மலையேற்றம். மேட்டுப்பாளையத்திலிருந்து நீராவியில் ஏறும் வண்டி வழக்கமாகக் காலை 7:10க்கு ஒன்றே ஒன்று. பெட்டிகள் சில மட்டுமே, ஏனென்றால் அந்தச் சரிவில் எஞ்சின் தள்ளக்கூடிய எடைக்கு வரம்பு உண்டு. இதை நிர்வாகத்தின் கஞ்சத்தனம் என்று நினைத்துத் திட்டுபவர்கள் உண்டு. பெட்டி கூட்டினால் எஞ்சின் ஏறாது. முன்பதிவில் மேட்டுப்பாளையத்துக்கு எம்.டி.பி (MTP), உதகமண்டலத்துக்கு யூ.ஏ.எம் (UAM) என்று நிலையக் குறியீடு போட்டுத் தேடுங்கள். ரயில்வேயின் பொது விதிப்படி 60 நாளுக்கு முன் முன்பதிவு திறக்கும்; திறக்கும் நாளிலேயே எடுத்துவிட வேண்டும். காத்திருப்போர் பட்டியலை நம்பி ஊரிலிருந்து கிளம்பாதீர்கள், இடம் கிடைத்தவர்கள் எளிதில் ரத்து செய்வதில்லை. ஏப்ரல், மே சீசனையும் தொடர் விடுமுறைகளையும் தவிர்த்து, வாரத்தின் நடுநாட்களைப் பாருங்கள். சென்னையிலிருந்து வருபவர்கள் நீலகிரி எக்ஸ்பிரஸில் இரவு கிளம்பினால் விடியற்காலையில் மேட்டுப்பாளையத்தில் இறங்கலாம். அதே நிலையத்தில்தான் மலை ரயிலும் நிற்கும். சீக்கிரம் வந்தால் எஞ்சின் வந்து பெட்டிகளோடு கோப்பதைப் பார்க்கலாம்.

ஏறும் வண்டியில் இடம் கிடைக்காவிட்டால், மதியம் 2 மணிக்கு உதகையிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் வண்டியைப் பாருங்கள். அதுவும் குன்னூரிலிருந்து நீராவிதான், மூன்றரை மணி நேரம் ஆகும். எஞ்சின் மூச்சு முட்ட உழைக்கும் சத்தம் அதில் கிடைக்காது. அதற்குப் பதில் பிரேக்கின் நுட்பத்தைக் கவனிக்கலாம். பிரேக் கட்டையை மட்டும் நம்பி இவ்வளவு தூரம் இறங்கினால் அது சூடேறிப் பிடிப்பு விட்டுவிடும். ஆகவே சிலிண்டர்களையே காற்றை அமுக்கும் பம்புபோல் வேலை வாங்கி, அந்த எதிர்ப்பில் வண்டியைப் பிடித்து வைக்கிறார்கள்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை திட்டமிடுபவர்கள் மாற்று ஏற்பாட்டோடு வரவேண்டும். வடகிழக்குப் பருவமழையில் கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே மண் சரிவது வழக்கம். மற்ற பாதைகளில் சிறு கல்லைத் தள்ளிவிட்டு வண்டி போய்விடலாம். இங்கே பற்களுக்கு நடுவே ஒரு கல் சிக்கினாலே பினியன் பல்லைவிட்டு மேலேறிவிடும் அபாயம் உண்டு. அதனால் பாதை முழுவதையும் பார்த்துச் சுத்தம் செய்த பிறகே வண்டி விடுவார்கள். சில சமயம் நாள்கணக்கில் ஆகும். ரத்தானால் டிக்கெட் பணம் முழுவதும் திரும்ப வரும். அப்படிப்பட்ட நாட்களிலும் குன்னூர்–உதகை வண்டிகள் பெரும்பாலும் ஓடும் என்பதால், பேருந்தில் குன்னூர் போய் அதையாவது பிடிக்கலாம்.

வழியில் தண்ணீர் பிடிக்க வண்டி நிற்கும். தாமதம் என்று அலுத்துக்கொள்ளாமல் இறங்கி எஞ்சினைப் பார்க்க வேண்டிய நேரம் அது. நடைமேடைப் பக்கம் மட்டும் இறங்குங்கள். பாதைப் பக்கம் வேலை செய்கிறவர்களுக்கு விடுங்கள். ஹில்குரோவில் டீயும் வடையும் கிடைக்கும், குரங்குகளும் அதற்காகவே காத்திருக்கும். திறந்த பையோடு ஜன்னலோரம் உட்கார்ந்தால் பொட்டலம் உங்களுடையது இல்லை.

குன்னூரில் நீராவி எஞ்சின் விலகி டீசல் வரும். வண்டி சற்றுப் பின்னோக்கி நகர்ந்து, பிறகு உதகைப் பாதையில் ஏறும். திரும்பிப் போகிறதோ என்று பதற வேண்டாம், நிலையத்தின் அமைப்பே அப்படி. எஞ்சின்களை நிறுத்திப் பராமரிக்கும் லோகோ ஷெட் பக்கத்திலேயே இருக்கிறது. அனுமதி இல்லாமல் உள்ளே போக முடியாது, ஆனால் எஞ்சின்கள் போவதும் வருவதும் நடைமேடையிலிருந்தே தெரியும். இதற்குமேல் வெலிங்டன், அருவங்காடு, கேத்தி என்று அழகான நிலையங்கள். கேத்திப் பள்ளத்தாக்கு பார்க்க வேண்டியதுதான். பாதையின் உச்சி உதகை இல்லை, லவ்டேல்: 2,345 மீட்டர். அங்கிருந்து உதகைக்கு வண்டி இறங்கித்தான் போகிறது.

போவதற்கு முன்போ பின்போ ஒரு ரயில் அருங்காட்சியகம் பார்ப்பது பயன் தரும். ஓடும் எஞ்சினில் கைவைக்க முடியாது. நின்றிருக்கும் எஞ்சினில்தான் நீராவி எந்தக் குழாயில் புகுந்து எங்கே வெளியேறுகிறது என்று விரலால் தொடர்ந்து போக முடியும். சென்னையில் ஐ.சி.எஃப் (ரயில் பெட்டித் தொழிற்சாலை) வளாகத்தை ஒட்டி 2002இல் திறந்த அருங்காட்சியகம் அரைநாளுக்கு ஏற்றது. லீட்ஸ் நகரில் ஃபௌலர் ஆலை செய்த நீராவி உழவு எஞ்சின் அங்கே இருக்கிறது, பலரும் கவனிக்காமல் தாண்டிப் போய்விடுகிறார்கள். டில்லி சாணக்கியபுரியில் 1977இல் திறந்த தேசிய ரயில் அருங்காட்சியகம் அளவில் பெரியது. ஒரு நாளை முழுதாக ஒதுக்கிவிடுங்கள், திங்கட்கிழமை போகாதீர்கள், விடுமுறை. அங்கே முதலில் பார்க்க வேண்டியது பாட்டியாலா சமஸ்தானத்தின் ஒற்றைத் தண்டவாள ரயில். எடை பெரும்பாலும் ஒரே தண்டவாளத்தின்மேல் இருக்க, சாய்ந்துவிடாமல் பக்கவாட்டில் ஒரு பெரிய சக்கரம் தரையில் உருளும். எஞ்சின் ஜெர்மனியின் ஓரன்ஸ்டைன்–கோப்பல் ஆலையில் செய்தது. குனிந்து அந்தப் பக்கச் சக்கரம் சட்டத்தோடு எப்படி இணைந்திருக்கிறது என்று பாருங்கள்.